பிணவறை வாசலில் நான் கையெழுத்திட்ட தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை நான் எப்போதும் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். இருபத்தேழு வருடப் பழக்கம் இது. வயதானவர்கள் படத்தைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இருபத்திரண்டு, இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று வயது போட்டு, மீசை அரும்பிய பையன் சிரிக்கிற படம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் விபத்தாகத்தான் இருக்கும். 2023-இல் மட்டும் நம் மலேசிய நாட்டுச் சாலைகளில் 6,400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்களுடையவை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான்: இந்தப் பிள்ளையின் அம்மாவிடமோ பெண்சாதியிடமோ இந்நேரம் யார் வந்து என்ன தாளை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

என்னிடம் நீட்டியது 1998 நவம்பர் 23-ஆம் தேதி. தீபாவளி முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவர் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்தார். இரவு ஷிப்ட் முடிந்து ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை, சந்திப்பில் திடீரென்று வலது பக்கம் திரும்பிய மணல் லோரி அடித்துவிட்டது. அவருக்கு வயது 34. மூத்தவளுக்கு ஏழு, சின்னவனுக்கு மூன்று.

மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. என் மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா செருகிய ஒருவர் வந்தார். நம்மவர்தான். நெற்றியில் திருநீறு. "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார். பெட்டி வாங்கவும் வண்டிக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி 300 வெள்ளியை (ரிங்கிட்) என் கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் தாளை எடுத்தார். என்ன தாள் அண்ணே என்று கேட்டேன். "லோரிக்காரன் இன்சூரன்ஸ்ல பணம் வாங்கித் தர்றதுக்குத்தான் தங்கச்சி. லாயரெல்லாம் நம்ம ஆளு. நீ பிள்ளைங்களைப் பாரு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அவரே தன் தோள்பையை அடியில் வைத்து, "இப்பப் போடு" என்றார். அவரிடம் ஒரு நகல் கேட்டு வாங்கியவர் என் கொழுந்தனார். அந்த நகல் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் எந்த வழக்கறிஞர் பெயரும் இல்லை. "பெறப்படும் தொகையில் முப்பது விழுக்காடு" என்று மலாயில் ஒரு வரி மட்டும் தெளிவாக இருக்கிறது.

அதற்கப்புறம் மூன்று வருடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். "கேஸ் ஓடுது தங்கச்சி", "இன்சூரன்ஸ்காரன் இழுக்கிறான்", "அடுத்த மாசம் கோர்ட்டு" என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வரும். ஒருநாள் அந்த எண்ணே வேலை செய்யவில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கொடுக்கும் பணம் மட்டும் மாதாமாதம் வந்தது. அதுவும் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் வீடு தேடி வந்து விண்ணப்பப் பாரம் எழுதிக்கொண்டு போனதால் வந்தது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

2002 சனவரியில் சின்னவனை முதலாம் ஆண்டில் சேர்க்கத் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். புத்தக உதவிக்கு என் நிலைமையைச் சொல்ல வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் முழுவதும் கேட்டுவிட்டு, ஜோர்ஜ்டவுனில் வழக்கறிஞர்கள் நடத்தும் சட்ட உதவி மையம் இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள், இந்த வாரமே போங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ஃபெரி ஏறிப் போனேன். சின்ன அறை, காற்றாடி, மேசைக்கு அந்தப் பக்கம் படிப்பு முடித்துச் சில வருடமே ஆகியிருக்கும் ஓர் இளம் வழக்கறிஞர். தமிழ்ப் பெண். பெயர், முகவரி, வேலை என்று எழுதிக்கொண்டே வந்தவர், இறந்த தேதி கேட்டார். சொன்னேன். பேனா நின்றுவிட்டது. மேசை மேலிருந்த நாள்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "அக்கா, வேற யாராவது கோர்ட்ல பதிவு பண்ணியிருக்காங்களான்னு தேடிப் பாக்குறேன்" என்றார். தேடினார். யாரும் பதிவு செய்யவில்லை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது. நான் அந்த மேசைக்கு வந்தபோது நாற்பத்திரண்டு நாள் கடந்துவிட்டிருந்தது. பெரிய கதவு அடைபட்டுவிட்டது என்பதை எனக்குப் புரியும்படி சொல்ல அந்தப் பெண் மிகவும் சிரமப்பட்டார். பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

அவர் சொல்லித்தான் அதே ஆண்டு ஜோர்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஐந்தாம் படிவம் படித்தவள், கொஞ்சம் தட்டச்சு தெரியும். 2023-இல் ஓய்வு பெறும்வரை அங்கே பெரும்பாலும் விபத்து வழக்குக் கோப்புகள்தான் என் கையில் இருந்தன. என் முதலாளியம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கோப்பு திறந்தவுடன் அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் தேதி எழுதுவது. விபத்து நாள் ஒன்று, வழக்குப் போடக் கடைசி நாள் ஒன்று. வழக்குப் பதிவானவுடன் மூன்றாவதாக ஒரு தேதி: 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96-ஆம் பிரிவுப்படி, வழக்குத் தொடங்குவதற்கு முன்போ தொடங்கிய ஏழு நாளுக்குள்ளோ எதிர்த்தரப்பு வாகனத்தின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும். அது போகாவிட்டால், தீர்ப்பு வாங்கினாலும் தீர்ப்புத் தொகையைக் கட்ட மாட்டோம் என்று அந்த நிறுவனம் சொல்ல இடமுண்டு. ஒவ்வொரு முறை அந்தப் பென்சிலைச் சீவும்போதும் எனக்கு அந்த நாள்காட்டி ஞாபகம் வரும்.

நான் இழந்தது எவ்வளவு என்பதையும் அங்கேதான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். அவருக்கு மாதம் 900 வெள்ளி சம்பளம். தனக்கென்று 300 எடுத்துக்கொண்டு 600 வீட்டுக்குக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,200. எத்தனை ஆண்டு வருமானம் கணக்கு என்பதற்கு, அன்றிருந்த சட்டப்படி 55-இலிருந்து வயது 34-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 10.5. இரண்டையும் பெருக்கினால் 75,600 வெள்ளி. துக்கத்துக்கான இழப்பீடு என்று சட்டம் வைத்திருந்த 10,000 வெள்ளியையும் சேர்த்தால் 85,600. இறுதிச் சடங்குச் செலவு தனி. லோரிக்காரர் மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டும், என் கணவர் மேலும் கொஞ்சம் தவறு என்று நீதிபதி கண்டால் அந்த அளவுக்குக் குறையும், அதெல்லாம் சரிதான். ஆனால் என் கைக்கு வந்தது 300.

இதே விபத்து இன்று நடந்திருந்தால் கணக்கு வேறு. 2019 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தில் 55 என்பது 60 ஆனது, 10,000 என்பது 30,000 ஆனது. அதே 34 வயதுக்கு இப்போது 13 ஆண்டு கணக்கு. 93,600-உடன் 30,000-ஐச் சேர்த்தால் 1,23,600 வெள்ளி. 1984-இல் எழுதிய எண்களை மாற்ற முப்பத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

இங்கேதான் வழக்கறிஞர் மன்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு, வழக்கறிஞர் சங்கம் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவதுதான் நினைவுக்கு வரும். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்களுடைய இன்னொரு வேலை தெரியும். 2010-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை மோட்டார் காப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. 1978-இலிருந்து மோட்டார் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறவேயில்லை, அடிபட்டவர்கள் கேட்கும் மூன்றாம் தரப்புக் கோரிக்கைகளால் நட்டம் தாங்கவில்லை என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முப்பது வருடத்துக்கு ஒரே விலைக்கு அரிசிகூட விற்க முடியாது. ஆனால் அதற்குத் தீர்வாக அடிபட்டவன் வாங்கும் தொகைக்கு உச்சவரம்பு கட்டுவதையும், நீதிமன்றத்துக்குப் போகும் அவன் உரிமையைச் சுருக்குவதையும் வழக்கறிஞர் மன்றம் எதிர்த்தது. காலிழந்த பத்தொன்பது வயதுப் பையனுடைய நட்டத்தை நீதிபதி பார்த்துச் சொல்லட்டும், அட்டவணை சொல்ல வேண்டாம் என்பதுதான் அவர்கள் வாதம். அந்தத் திட்டம் அந்த வடிவில் வரவில்லை. 2012-இலிருந்து கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள், வழக்குப் போடும் உரிமை நின்றது. வழக்கறிஞர்கள் தங்கள் பிழைப்புக்காகத்தான் எதிர்த்தார்கள் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. பிழைப்பும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த உரிமையை எடுத்திருந்தால் முதலில் இழந்திருக்கப்போவது மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

அதேபோல, எந்தக் காயத்துக்கு நீதிமன்றங்கள் எவ்வளவு கொடுத்து வருகின்றன என்று மன்றம் ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இருந்த அச்சுப்பிரதி ஓரமெல்லாம் நைந்து, கால் எலும்பு முறிவுப் பக்கம் தனியாகக் கழன்றே வந்துவிட்டது. அவ்வளவு பேருக்குக் கால் முறிகிறது. அந்தத் தொகுப்பு இல்லாத காலத்தில், இன்சூரன்ஸ் தரப்பு சொல்வதை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று அடிபட்டவருக்கு எதை வைத்துத் தெரியும்?

சட்ட உதவி மையமும் அவர்களுடையதே. அரசாங்கத்துக்குத் தனியாகச் சட்ட உதவித் துறை இருக்கிறது. நான் போனது அது இல்லை. ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 வெள்ளி கட்டுகிற நிதியில், வழக்கறிஞர்களே முறை வைத்து வந்து உட்காருகிற இடம். என் கதையைக் கேட்டு நாள்காட்டி எண்ணிய பெண்ணுக்கு அன்று யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நம் நாட்டில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் தன் தொழில் தவற்றுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் அவருக்குத் தொழில் சான்றிதழே கிடையாது. ஆக, என் கோப்பு ஒரு வழக்கறிஞர் மேசையில் இருந்து அவர் தேதியைத் தவறவிட்டிருந்தால், அவர் மேல் நான் வழக்குப் போட்டு அந்த இன்சூரன்ஸிலிருந்து என் நட்டத்தைக் கேட்டிருக்கலாம். வழக்கறிஞர் என் பணத்தை ஏமாற்றியிருந்தால் அதற்கென்று ஓர் ஈட்டு நிதி இருக்கிறது, புகார் செய்ய ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. என் தாள் எந்த வழக்கறிஞர் மேசைக்கும் போகவேயில்லை. நான்கு பேனா வைத்திருந்தவருக்கு இன்சூரன்ஸ் இல்லை, வாரியம் இல்லை, அலுவலகம் இல்லை, கடைசியில் தொலைபேசியும் இல்லை. அத்தனை பாதுகாப்பையும் கட்டி வைத்துவிட்டு, வாசலில் நிற்பவனை அப்படியே விட்டுவைத்தால் உள்ளே கட்டியிருப்பது யாருக்கு?

சட்டத்தில் தடை இல்லாமல் இல்லை. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி வழக்கறிஞராக இல்லாதவர் வழக்கறிஞர் வேலை செய்வது குற்றம். ஆள் பிடித்துக் கொடுத்தவனுக்கு வழக்கறிஞர் தரகு கொடுப்பது தொழில் ஒழுங்குக் கேடு. வெற்றி பெற்றால் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடக்கூடாது என்கிறது 112-ஆம் பிரிவு. இவ்வளவும் இருக்க, 2025-இல் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பாகான் டாலாமில் பக்கத்து வீட்டுப் பையன், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மழையில் கார் ஒன்று இடித்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தான். பார்க்கப் போனேன். படுக்கைப் பக்கத்து அலமாரியில் தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு. "விபத்து இழப்பீட்டு ஆலோசகர்" என்று இருந்தது, கைப்பேசி எண் மட்டும். யார் வைத்தது என்று அவன் அம்மாவைக் கேட்டேன். "தெரியல அக்கா, காலையில கண் முழிச்சப்பவே இருந்துச்சு. போன் பண்ணிட்டேன், சாயந்திரம் வர்றேன்னாங்க" என்றார். அவர் கைப்பையில் ஏற்கெனவே மகனுடைய அடையாள அட்டையின் நகல் தயாராக இருந்தது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. சாயந்திரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் மரியாதையான இளைஞர், கையில் டேப்லட். நீங்கள் எந்த வழக்கறிஞர் நிறுவனம், அவருடைய பெயர் என்ன, கட்டணத்தை எழுத்தில் தருவீர்களா என்று மூன்று கேள்விதான் கேட்டேன். போன் வருகிறது என்று வெளியே போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் அந்த அம்மாவை நானே சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போனேன். பையனுடைய கோப்பு இப்போது ஒரு வழக்கறிஞரிடம் இருக்கிறது. சொக்சோவுக்கும் தனியாக மனுப் போட்டாயிற்று. சொக்சோ வாங்கினால் இடித்த கார்க்காரர் மேல் வழக்குப் போட முடியாது என்று அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. சொக்சோ சட்டம் தடுப்பது சொந்த முதலாளி மேல் வழக்குப் போடுவதைத்தான்.

இருபத்தேழு வருடத்தில் நான்கு பேனா போய் டேப்லட் வந்திருக்கிறது. தாய்மார்கள் கையெழுத்துப் போடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? அந்த நேரத்தில், அந்த இடத்தில், நம் மொழியில் வந்து பேசுகிறவன் அந்த ஒருவன்தான். அவன் "தங்கச்சி" என்கிறான். வழக்கறிஞர் மன்றம் அறிக்கை விடுகிறது, இணையத்தில் எச்சரிக்கை போடுகிறது, மலாயிலும் ஆங்கிலத்திலும். பிணவறை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அதையெல்லாம் எங்கே போய்த் தேடுவாள்?

மன்றத்தால் முடியாத காரியமும் இல்லை இது. போலீஸ் பிடித்தால் உங்கள் உரிமை என்ன என்று சிவப்பு அட்டையில் ஒரு சின்னக் கையேடு போட்டார்களே, அதைத் தமிழிலும் போட்டார்கள். என் மகனுடைய பர்ஸில் பல வருடம் அது இருந்தது. அதே மாதிரி விபத்துக்கு ஒன்று வேண்டும். நான்கு பக்கம் போதும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று இருபது வருடம் கோப்பு கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது நடந்ததை நீங்களே சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் கோர்ட்டில் உங்களை மடக்குவது அந்த ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரிதான். அப்படிப் பாதியாகிப்போன கேஸ்கள் எத்தனையோ. வழக்குப் போட, இறந்தவர் குடும்பத்துக்கு மூன்று ஆண்டு, அடிபட்டு உயிரோடு இருப்பவருக்குப் பொதுவாக ஆறு ஆண்டு, இடித்தது அரசாங்க வாகனமாக இருந்தால் மூன்றே ஆண்டு. இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்று கைவிட்டுவிடக் கூடாது. 1968-இலிருந்து அதற்கென்றே மோட்டார் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கூட்டுப் பணியகம் இருக்கிறது, தீர்ப்பு வாங்கிக்கொண்டு அங்கே போகலாம். சொந்தக் காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர், பயணிகளுக்கான பொறுப்புக் காப்பைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். ரோட்டெக்ஸ் (சாலை வரி) புதுப்பிக்கும் அவசரத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம் தனியாக வேண்டும். எங்களிடம் ஓர் அம்மா வந்தார். வீட்டில் தோசை மாவு அரைத்துப் பையில் கட்டி விற்றவர், வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. வருமானத்துக்கு ஆதாரம் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்டது. பில் ஏது, வங்கிக் கணக்கு ஏது? கடைசியில் அவருக்கு உளுந்து கொடுத்த மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டைக் கொண்டுவந்தோம். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. வாரத்துக்கு எத்தனை கிலோ என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கடைக்காரரும் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். அந்த நோட்டுதான் அந்த அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு. இதுமாதிரி வழி இருக்கிறது என்று தெரியாமல் "எனக்கு வருமானம் இல்லீங்க" என்று ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!

சட்டத்திலேயே மாற்ற வேண்டியதும் இருக்கிறது. அதை மன்றம்தான் கையில் எடுக்க வேண்டும். 63 வயதில் ஜாகா (காவலாளி) வேலை பார்த்த ஒருவர் சைக்கிளில் போகும்போது இறந்தார். அவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அறுபதைத் தாண்டிவிட்டதால் அவர் வருமானம் கணக்கிலேயே வராது என்று அந்த அம்மாவிடம் சொல்லவேண்டிய வேலை என்னுடையதாயிற்று. நம் சமூகத்தில் அறுபதுக்கு மேல் ஜாகாவாக, துப்புரவு வேலையில், லோரி உதவியாளாக ஓடுகிற ஆண்களும் பெண்களும் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஓய்வு வயது 60 என்று 2013-இல் மாறியதைப் பார்த்து 2019-இல் இந்தச் சட்டத்தை மாற்றினார்கள். ஓய்வே இல்லாதவர்களை யார் பார்ப்பது? வீட்டிலிருக்கும் பெண்கள் கதையும் அதுவே. விபத்துக்கு முன் சம்பாதித்திருந்தால்தான் வருமான இழப்பு உண்டு என்கிறது சட்டம். 2022-இல் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து ஆண்டுக்கு 120 வெள்ளியில் சொக்சோ காப்பு கொடுத்த அரசாங்கம், அவள் வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. சிவில் சட்டம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தரகர்கள் விஷயத்தில் மன்றத்திடம் எனக்கு வருத்தம் உண்டு. கார்டு வைக்கிறவனைப் பிடிப்பது போலீஸ் வேலை என்கிறார்கள். ஆனால் அவன் கொண்டுவரும் கோப்பை வாங்கிக்கொள்ள ஏதோ ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். வாங்க ஆளில்லாமல் விற்க ஆள் வராது. அந்த வாங்குகிறவர் மன்றத்தின் உறுப்பினர். பணம் வந்தவுடன் மொத்தம் எவ்வளவு வந்தது, கட்டணம் எவ்வளவு, மருத்துவ அறிக்கைக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று கட்சிக்காரருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று மன்றம் கட்டாயமாக்கட்டும். தரகனுக்குப் போன பங்கை அந்தத் தாளில் எந்த வரியில் எழுதுவார்கள்? என் முதலாளியம்மா அப்படித்தான் கொடுத்தார். தமிழில் எழுதியவள் நான். பிள்ளைகள் பங்கு நீதிமன்ற உத்தரவுப்படி எங்கே போட்டு வைக்கப்படுகிறது, பதினெட்டு வயதில் எப்படி எடுப்பது என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்ட அம்மாக்கள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்.

பினாங்கு வழக்கறிஞர் குழுவிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தமிழ்க் கையேட்டைப் போடுங்கள். போட்டு அலுவலகத்தில் அடுக்கி வைக்காதீர்கள். மருத்துவமனை அவசரப் பிரிவு, பிணவறை, போக்குவரத்துப் போலீஸ் நிலையம், தமிழ்ப்பள்ளி அலுவலகம், கோயில் அன்னதானக் கூடம் எல்லாவற்றிலும் வையுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. தண்ணீர்ப் பந்தல்களுக்கு நடுவே உங்களுக்கும் ஒரு மேசை போட இடம் கிடைக்கும். பட்டர்வொர்த் பக்கம் மாதம் ஒரு சனிக்கிழமையாவது தமிழ் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை உட்கார வையுங்கள். தேதி எண்ணவும், பாரம் நிரப்பவும், தமிழில் எழுதிக் கொடுக்கவும் நான் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம். அலமாரியில் இருக்கிற அந்தத் தாளையும் கொண்டுவருகிறேன். என்ன மாதிரித் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று காட்டுவதற்கு, பேனா கிழித்த அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த், பினாங்கு